ராஜ்மாச்சி ஏற்றத்தில் எரிந்த கிளட்ச்

மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. 2002-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்த 94.5 கிலோமீட்டர் சாலை கலம்போலியில் தொடங்கும் இடத்திலேயே பைக்காரர்கள் ஒதுங்கி, பனவேல், சௌக், கோபோலி வழியாகப் போகும் பழைய நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். மழை ஓயத் தொடங்கும் செப்டம்பர் ஞாயிறுகளில் விடிவதற்கு முன்பே அந்தச் சாலையில் பைக்குகள் வரிசை கட்டிவிடும். முக்கால்வாசிப் பேர் லோனாவாலாவில் வடாபாவ் தின்று, சிக்கி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். மீதிப் பேருக்குத் தார் முடிகிற இடத்தில்தான் பயணமே தொடங்குகிறது.

அந்த மீதிப் பேரில் மூன்று தமிழர்கள் செம்பூர் செடா நகர் முருகன் கோயில் குன்றின் அடிவாரத்தில் சேர்ந்தார்கள். ஒருவர் செம்பூரிலேயே இருப்பவர். இரண்டாமவர் மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பிறந்து வளர்ந்தவர், 1940 முதல் நடக்கும் கஃபே மெட்ராஸின் காபி இல்லாமல் ஞாயிறு விடியாது என்று சொல்பவர். அன்று அவ்வளவு காலையில் கடை திறக்காததால் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தார். மூன்றாமவர் தாராவி 90 அடி சாலைக்காரர். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். ஊர்ப்பெயரைச் சொல்லியே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

போக வேண்டிய இடம் ராஜ்மாச்சி. லோனாவாலாவின் துங்கார்லி அணையிலிருந்து காட்டுக்குள் சுமார் 15 கிலோமீட்டர். ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரட்டைக் கோட்டைகள், அவற்றின் மடியில் உதேவாடி என்ற சிறு கிராமம். கொங்கணக் கரையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் போர் கணவாயைக் கண்காணிக்க வசதியான இடம் என்பதால் சிவாஜி 1657-ல் இதைப் பிடித்தார். இன்றைக்கு மும்பை, புனே ஆஃப்ரோடு பைக்காரர்கள் புது வண்டியைப் பழக்கிப் பார்க்க முதலில் வருவது இங்கேதான்.

புறப்படும்போதே மாட்டுங்காக்காரர் உற்சாகத்தில் இருந்தார். முந்தின நாள்தான் அவருடைய வண்டிக்குப் புது கிளட்ச் போட்டிருந்தது. வண்டிக் கம்பெனியின் பார்ட் இல்லை. குர்லா சி.எஸ்.டி. சாலையில் உதிரிபாகக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் வரிசையில் வாங்கிய வெளிமார்க்கெட் பிளேட் செட். பெட்டியில் ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. விலை கம்பெனி செட்டில் ஏறக்குறையப் பாதி.

அந்தப் பிளேட்டை மாட்டியது தாராவியில் உள்ள ஒரு சிறிய மெக்கானிக் கடை. தாராவியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்கு நாயகனும் காலாவும்தான் நினைவுக்கு வரும். தோல் பட்டறை, மண்பாண்டம், இட்லி மாவு, பழைய பிளாஸ்டிக், அலுமினியம் உருக்குதல் என்று ஒவ்வொரு சந்திலும் ஒரு தொழில் ஓடும் ஊர் அது. இந்த மெக்கானிக் கடைக்கு உள்ளே ஒரு வண்டிதான் நிற்கும், மற்றவை சாலையில். நெல்லைச் சீமையிலிருந்து இளம் வயதில் வந்த பெரியவர் நடத்துகிறார். எல்லோருக்கும் அண்ணாச்சி.

அண்ணாச்சி ஆயிலை வடித்து, வலதுபக்கக் கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தார். கிளட்ச் ஹவுசிங்கின் விரல் போன்ற தூண்களில் ஒன்றை நகத்தால் தடவிக் காட்டினார். பிளேட்டின் காதுகள் மோதி மோதிச் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. நடுவில் அடுக்கியிருந்த ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டு மூன்று, நீலம் பாய்ந்து கிடந்தன.

“தம்பி, பிளேட்ட மட்டும் மாத்துனா போதாதுல்லா. ஸ்டீலும் ஸ்பிரிங்கும் சேத்து மாத்தணும். பள்ளத்த அரம் போட்டு எடுத்துருதேன். ஆனா ஸ்டீலு?”

“அடுத்த தடவ பாத்துக்கலாம் அண்ணாச்சி. நாளைக்கு ரைடு இருக்கு. இப்ப இத மாட்டிக் குடுங்க.”

“ராத்திரி பூரா ஆயில்ல ஊறணும் இது.”

ஊறவில்லை. ஒரு தட்டில் எஞ்சின் ஆயிலை ஊற்றி, கடைக்கு வெளியே டீ குடித்து முடிக்கிற நேரம் வரை நனைத்தார்கள். ஆயில் மட்டும் சரியானதைப் போட்டார் அண்ணாச்சி. டப்பாவின் முதுகில் ஜாசோ எம்ஏ2 முத்திரை இருந்தது. அந்த முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கார்களில் கிளட்ச் தனி அறையில் உலர்ந்து ஓடும். நம்மூர் பைக்குகளில் பெரும்பாலும் அது எஞ்சின் ஆயிலிலேயே முங்கி ஓடும். எரிபொருள் மிச்சமாகட்டும் என்று கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். அதுவே பைக்கின் கிளட்சை வழுக்கவைத்துவிடும். இதனால்தான் ஜப்பானியர்கள் 1998-ல் பைக் ஆயிலுக்கென்று தனித் தரம் வகுத்தார்கள். கார் சர்வீஸில் மிஞ்சிய ஆயிலை பைக்கில் ஊற்றும் சிக்கனசாலிகள் இன்னும் இருக்கிறார்கள்.

வாஷி பாலத்தில் பொழுது வெளுத்தது. பின்னால் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடை. செம்பூர்க்காரருக்கு அது பழகிப்போன ஒன்று, மற்ற இருவரும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்கள். பேலாப்பூர், கார்கர், கலம்போலி, பளஸ்பே எல்லாம் தடையில்லாமல் கழிந்தன. நெடுஞ்சாலையில் மாட்டுங்காக்காரரின் கிளட்ச் வெண்ணெய். கியர் மாற்றும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கோபோலி தாண்டியதும் கணவாய் ஏறத் தொடங்குகிறது. 1915-ல் டாட்டாவின் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர் கோபோலி. மேலே லோனாவாலா ஏரிகளின் தண்ணீர் குழாயில் இறங்கி இங்கே மின்சாரமாகிறது. கணவாயில் ஷிங்ரோபா கோயில் முன்னால் லாரிகள் வேகம் குறைக்கும். ஓட்டுநர்கள் காசு போட்டுவிட்டுப் போவார்கள். இந்த மலையில் பாதை எப்படிப் போட வேண்டும் என்று வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு வழிகாட்டிய ஆட்டிடையர் ஷிங்ரோபா. வழி தெரிந்ததும் அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது மக்கள் சொல்லும் கதை. கணவாய் வழியாக ரயில் 1863-ல் ஓடியது. தாராவிக்காரரும் ஒரு நாணயம் போட்டார்.

லோனாவாலா கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். ஊருக்குள் நுழைவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. 2024 ஜூன் 30 அன்று புஷி அணைக்குப் பின்னாலுள்ள நீர்வீழ்ச்சியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, மழைக்காலத்தில் இப்பக்கம் அருவிகளுக்கும் அணைகளுக்கும் மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு விதிப்பது வழக்கமாகிவிட்டது.

துங்கார்லி அணையைத் தாண்டித் தார் முடிந்தது. செம்மண் சேறு, நடுநடுவே வழவழப்பான கருங்கல், ஜீப் சக்கரங்கள் கீறிய ஆழமான தடம், குறுக்கே முழங்காலளவு ஓடை. இப்படிப்பட்ட பாதைகளுக்குச் சாதாரண ஆட்களை இழுத்துவந்தவை இரண்டு வண்டிகள்: 2016-ல் ராயல் என்ஃபீல்டு விட்ட ஹிமாலயன், 2019-ல் ஹீரோ விட்ட எக்ஸ்பல்ஸ் 200. அதற்கு முன்பு ஆஃப்ரோடு என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு வண்டி, பணக்காரப் பொழுதுபோக்கு. ஹிமாலயன் 411-க்கு 24.5 குதிரைத்திறன், எடை 199 கிலோ. மலைக்குப் பழக்கப்பட்ட வண்டிதான். ஆனால் சகதியில் அந்த எடையை முதல் கியரில் நகர்த்தும்போது பாரமெல்லாம் விழுவது கிளட்சின் தலையில்.

ஏன் என்று பார்ப்போம். கிளட்சுக்குள் உராயும் பிளேட்டுகளும் வழவழ ஸ்டீல் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகள் அவற்றை நசுக்கிப் பிடித்திருக்கும். லிவரை முழுக்க விட்டால் அடுக்கு ஒன்றாகச் சுழலும், தேய்மானம் இல்லை. முழுக்க அழுத்தினால் பிரியும், அப்போதும் பெரிய தேய்மானம் இல்லை. பாதியில் பிடித்து வைக்கும் ஹாஃப் கிளட்ச் நிலையில்தான் ஆபத்து. எஞ்சின் 3,000 ஆர்பிஎம்-மில் சுழல்கிறது, பின்சக்கரம் கேட்பதோ 1,000-க்கு ஈடான வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால் அந்த 2,000 ஆர்பிஎம் வித்தியாசம் முழுக்க வெப்பமாகிறது: நான்கு கிலோவாட்டுக்கும் மேல். நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு கைப்பிடி அளவு இடத்துக்குள் அடைத்து ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டதற்குச் சமம். நகரச் சிக்னலில் இது ஒரு நொடி, இரண்டு நொடி. ராஜ்மாச்சிச் சகதியில் நிமிடக் கணக்கு.

முதல் ஏற்றத்திலேயே மாட்டுங்காக்காரர் இரண்டாம் கியரில் ஹாஃப் கிளட்ச் பிடித்தே ஏறினார். முதல் கியரில் பின்சக்கரம் சுற்றி வழுக்குகிறது என்பது அவர் சொன்ன காரணம். அனுபவசாலிகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். முதல் கியர், குறைந்த ஆர்பிஎம், கிளட்சை முழுக்க விட்டு, எழுந்து நின்று எடையைப் பின்னால் தள்ளுவது. வேகத்தை ஏற்றத்துக்கு முன்பே சேர்த்துக்கொள்வது. தாராவிக்காரர் அப்படித்தான் ஏறினார். அவருடைய வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைத்துப் போட்டிருந்தது. அதனால் நெடுஞ்சாலையில் வண்டி கத்தும், மலையில் கிளட்ச் பிழைக்கும்.

இரண்டாவது ஓடையைக் கடந்ததும் மாட்டுங்காக்காரரின் லிவரில் விளையாட்டு கூடிவிட்டது. ஃப்ரீ பிளே என்பது லிவரை அழுத்தத் தொடங்கும்போது எதுவும் நடக்காமல் ஆடும் அந்தச் சிறு தூரம். பல ஹோண்டா வண்டிகளின் கையேடு லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. இப்போது அது அதற்கும் மேலே போயிருந்தது. லிவரை ஹேண்டில்பாரோடு ஒட்டினாலும் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. நியூட்ரல் விழ மறுத்தது. அவர் பார்த்தார், கேபிள் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, கைப்பிடியிலுள்ள அட்ஜஸ்டரைச் சுற்றி இறுக்கினார். லிவர் உடனே கெட்டியானது. பிரச்சினை தீர்ந்தது என்று கிளம்பினார்.

உண்மையில் கேபிள் தளரவில்லை. சூட்டில் பிளேட் அடுக்கு விரிந்து தடித்திருந்தது. தடித்த அடுக்கு பிரஷர் பிளேட்டை வெளியே தள்ளும், அப்போது லிவரில் இடைவெளி கூடும். இது ‘நிறுத்து, ஆறவிடு’ என்று வண்டி கொடுக்கும் அறிவிப்பு. சூடாக இருக்கும்போது கேபிளை இறுக்கிவிட்டால், ஆறிய பின் அடுக்கு சுருங்கும், இடைவெளியே இருக்காது. லிவரைத் தொடாவிட்டாலும் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக அழுத்தப்பட்ட நிலையிலேயே நிற்கும். வழுக்கும். வழுக்கினால் மீண்டும் சூடு.

உதேவாடிக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் இருக்கையில் மூவரும் உட்கார்ந்து பிளாஸ்க் காபியைக் காலிசெய்தார்கள். அரைமணி நேரம். வண்டி நன்றாக ஆறியது. அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை மூக்கைத் துளைத்தது. ஒருமுறை முகர்ந்தவர் அந்த நாற்றத்தை மறக்கமாட்டார். செம்பூர்க்காரர் மாஹுலையே பாராட்டிவிட்டார்.

கயிறு கட்டி இழுக்கலாமா என்று யோசனை வந்தது. இழுக்கும் வண்டியின் கிளட்சும் போகும் என்று தாராவிக்காரர் மறுத்துவிட்டார். லிவரைத் தொட்டுப் பார்த்து, “விளையாட்டே இல்லையே, யாரு இறுக்குனது?” என்று கேட்டார். அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தினார். ஸ்பிரிங்குகளுக்கு மீண்டும் முழுப் பலம் கிடைத்ததும் கிளட்ச் கொஞ்சம் பிடித்தது. முதல் கியரில், த்ராட்டிலை முட்டை மாதிரி தொட்டு, சமதளத்தில் நகர்ந்தது. ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கோட்டையைப் பார்க்காமலே திரும்பினார்கள். சேறும் கல்லுமாகத் துங்கார்லிக்குத் திரும்பும்போது உச்சிவெயில் தாண்டிவிட்டது. அங்கிருந்து மும்பையில் சோட்டா ஹாத்தி என்று கூப்பிடும் சின்ன லாரி ஒன்றைப் பேசி வண்டியை ஏற்றினார்கள். லாரி வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனி கிளட்ச் செட் மலிவு.

மலிவு பார்ட்டால் மட்டும் நடந்தது என்று சொல்வது சுலபம். தாராவியில் கவரைத் திறந்தபோது கதை அப்படி இல்லை.

அண்ணாச்சி வடித்த ஆயில் ஒரு நாளுக்குள் கறுத்து, கருகல் வாடையுடன் வந்தது. ஜல்லடையில் பழுப்பு நிறத் துகள்கள். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். சில பிளேட்டுகளில் உராய்வுப் பட்டை கண்ணாடி மாதிரி பளபளத்தது. விரலால் தடவினால் சொரசொரப்பே இல்லை. இரண்டில் பட்டை அலுமினிய உடலிலிருந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. வெர்னியர் காலிப்பரால் அளந்தார். இப்படிப்பட்ட பிளேட்டுகள் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு தேய்ந்தாலே மாற்ற வேண்டிய வரம்பு. நேற்று மாட்டியவை அந்த வரம்பைத் தாண்டியிருந்தன.

அடுத்து ஸ்டீல் பிளேட்டுகள். ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். தகடு உள்ளே போனால் பிளேட் வளைந்துவிட்டது என்று அர்த்தம். பழையதில் ஏற்கெனவே நீலம் பாய்ந்திருந்தவை அத்தனையும் போயின. பிறகு ஸ்பிரிங்குகளைப் புதியதோடு வரிசையாக நிறுத்தினார். பழையவை கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தன. குட்டையான ஸ்பிரிங் என்றால் குறைந்த அழுத்தம். குறைந்த அழுத்தம் என்றால் முழுக்க விட்ட நிலையிலும் ஏற்றத்தில் வழுக்கும்.

“பிளேட்டு பாதி, நீ பாதி” என்றார் அண்ணாச்சி. நியாயமான தீர்ப்பு. பட்டை உரிந்தது பிளேட்டின் குறை. ஒட்டிய பசை சூட்டைத் தாங்கவில்லை. இன்றைய உராய்வுப் பட்டைகள் பெரும்பாலும் காகிதக் கூழும் அராமிட் போன்ற இழைகளும் பீனாலிக் ரெசினில் கட்டப்பட்டவை. மலிவு வண்டிகளில் கார்க் கலந்தவையும் உண்டு. எல்லை தாண்டிய சூட்டில் ரெசின் முதலில் மேலே கசிந்து பளபளப்பாகும், பிறகு கரியும். நல்ல பிளேட்டுக்கும் சாதாரண பிளேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வளைந்த ஸ்டீலுக்கு எதிரே எந்தப் பிளேட்டை வைத்தாலும் முழுப் பரப்பும் படாது. படும் இடத்தில் மட்டும் சூடு குவியும். ஊறாத பட்டை முதல் சில கிலோமீட்டர் வறட்சியாகவே உராயும். அதற்குமேல் இரண்டாம் கியர் ஹாஃப் கிளட்ச், சூட்டில் இறுக்கிய கேபிள். உலகத்தின் விலையுயர்ந்த பிளேட்டும் இதில் பிழைத்திருக்க வேண்டும் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள்.

வெளிமார்க்கெட் என்றாலே போலி என்றும் நினைக்கக் கூடாது. வண்டிக் கம்பெனிகளே கிளட்சைத் தாமே செய்வது குறைவு. ஜப்பானில் 1939-ல் தொடங்கிய எஃப்சிசி, நம் நாட்டில் ஔரங்காபாதின் எண்டூரன்ஸ் போன்ற நிறுவனங்கள் வண்டிக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுக்கின்றன. போட்டிகளுக்கென்றே கிளட்ச் செய்யும் தனி நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவின் ரெக்ளூஸ், வேகத்துக்கேற்ப மையவிலக்கு விசையால் தானே பிடித்து விடும் கிளட்சைச் செய்து எண்டூரோ ஓட்டுநர்களிடையே பெயர் வாங்கியது. ஆஸ்திரியாவின் இரும்புச் சுரங்கத்தில் 1995 முதல் நடக்கும் எர்ஸ்பெர்க் ரோடியோ போன்ற கடும் போட்டிகளில் இப்படிப்பட்ட பார்ட்டுகள் சாதாரணம். அவை விலை அதிகம், ஆனால் முழுச் செட்டாக வரும்: பிளேட், ஸ்டீல், ஸ்பிரிங், சில சமயம் ஹப்பும் சேர்த்து. இந்தியாவிலிருந்து டாக்கார் ராலி ஓடுபவர்களுக்கும் இது தெரிந்த விஷயம். ஷொர்ணூர்க்காரரான ஹரித் நோவா 2024-ல் ராலி 2 வகுப்பை வென்று மொத்தப் பட்டியலில் 11-வது இடம் பிடித்தார். அந்த உயரத்தில் கிளட்ச் எரியும்வரை காத்திருப்பதில்லை; தேய்வதற்கு முன்பே மாற்றிவிடுகிறார்கள்.

போலி வேறு கதை. கம்பெனியின் பெயரையும் ஹாலோகிராமையும் திருடி அச்சடித்துப் பெட்டியில் அடைப்பது. 1999-ன் வணிகக் குறியீட்டுச் சட்டம் இதற்குச் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. ஆனாலும் மார்க்கெட்டில் கிடைக்கத்தான் செய்கிறது. மாட்டுங்காக்காரர் வாங்கியது அந்த ரகம் அல்ல. தன் சொந்தப் பெயரில் வந்த ஒரு சாதாரண செட். அதன் குற்றம், பெட்டியில் போட்ட ‘ஹெவி டியூட்டி’ என்ற இரண்டு வார்த்தை. எந்த வெப்பநிலை வரை, எந்த எடை வண்டிக்கு, எவ்வளவு முறுக்கு தாங்கும் என்று அந்தப் பெட்டியில் ஒரு எண்ணும் இல்லை. எண் இல்லாத ‘ஹெவி டியூட்டி’ வெறும் அட்டைப்பெட்டி வாசகம்.

சில புது வண்டிகள் இந்தத் தொல்லையைக் குறைக்கப் பார்க்கின்றன. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-ல் ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் உண்டு. எஞ்சின் முறுக்கு கூடும்போது உள்ளேயுள்ள சாய்வுகள் பிளேட்டுகளைத் தாமே நசுக்கும். அதனால் ஸ்பிரிங் மிருதுவாக இருந்தாலும் பிடி குறையாது, லிவரும் இலேசாகும். மாட்டுங்காக்காரர் அதைப் பார்த்து ஆசைப்படுகிறார். ஆனால் ஹாஃப் கிளட்சில் பத்து நிமிடம் ஏறினால் அதிலும் அந்த நான்கு கிலோவாட்டு எங்கேயும் ஓடிப்போகாது.

அண்ணாச்சி இம்முறை பேரம் பேச இடம் கொடுக்கவில்லை. பிளேட், ஸ்டீல், ஸ்பிரிங் மூன்றும் கம்பெனி செட். ஹவுசிங் பள்ளம் ஆழமாகிவிட்டதால் அதுவும் மாற்றம். பிளேட்டுகளை இரவு முழுக்க ஆயிலில் ஊறப்போட்டார். கேபிளைப் புதிதாகப் போட்டு, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது லிவர் இடைவெளியை வைத்தார். எரிந்த ஆயிலை மாற்றினார். துகள் கலந்த ஆயில் எஞ்சின் பேரிங்குகளையும் தின்னும் என்பதால் ஜல்லடையை மண்ணெண்ணெயில் கழுவினார். பில் முதல் தடவையைவிட மூன்று மடங்கு. மாட்டுங்காக்காரர் வாயைத் திறக்கவில்லை.

ராஜ்மாச்சி போனாலும், மால்ஷேஜ், பண்டார்தரா என்று எங்கே ஏறினாலும், கிளட்ச் மாற்றும்போது பிளேட்டை மட்டும் வாங்காதீர்கள். ஸ்டீலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து வாங்குங்கள், வேலை முடிந்ததும் பழையவற்றை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாங்கிய செட்டை நகரத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கிய பிறகே சேற்றுக்குக் கொண்டுபோங்கள். பாதையில் லிவர் திடீரென்று தளர்ந்தால் அட்ஜஸ்டரைத் தொடாதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள்.